பரணை இறக்கினால் பாரம் இறங்குமா?

மனசும் மண்ணும் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் மூன்று மாவட்டம், மூன்று வயது. கேட்டிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பொருட்களை என்ன செய்வது, அவற்றை ஒழுங்கு செய்தால் மனசுக்கு நிஜமாகவே நிம்மதி வருமா என்பதுதான் அது. முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். எழுதியவருக்கு மட்டுமல்ல, மருந்து பாட்டில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் வேலை இருக்கிறது.

கேள்வி: ‘‘எனக்கு 46 வயது. மூன்று ஏக்கர். நிலக்கடலையும், தண்ணி இருக்கிற வருஷம் நெல்லும் போடுவோம். வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் இறந்து 14 மாதம் ஆகிறது. அவர் வைத்த சாமான் எல்லாம் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. தாழ்வாரத்தில் பழைய மோட்டார், மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், சாக்கு மூட்டைகள். பரணில் மருந்து பாட்டில்கள். டிரங்குப் பெட்டி நிறைய காகிதம். மாமியார், ‘அவன் வச்ச எடத்துலயே இருக்கட்டும்’ என்கிறார். திருப்பூரில் வேலை செய்யும் மகன், ‘காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரே நாள்ல காலி பண்ணும்மா’ என்கிறான். பிளஸ் டூ படிக்கிற மகள் எதுவும் பேசுவதில்லை. வீட்டுக்குள் நுழைந்தாலே நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது. தூக்கம் இல்லை. ராத்திரியில் பரணையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இதை எல்லாம் எடுத்தால் பாவமா? எடுத்தால் மனசு தேறுமா? எங்கே ஆரம்பிப்பது?’’
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். ‘ராத்திரியில் பரணையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரணில் மருந்து பாட்டில்கள் இருப்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் அசதியா, இல்லை வேறு நினைப்பும் கூட வருகிறதா? இப்படி நேராகக் கேட்பதற்குத் தயங்கக் கூடாது. கேட்பதால் இல்லாத நினைப்பு யாருக்கும் புதிதாக வந்துவிடாது. இருக்கிற நினைப்பைச் சொல்ல வாய் திறக்கும், அவ்வளவுதான். பத்திரிகை அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று, உங்கள் முகவரிக்குத் தனிக் கடிதம் முன்பே போட்டுவிட்டோம். அதில் எழுதியதை இங்கேயும் சொல்கிறேன். 14416 என்ற எண், அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் பேசலாம். ‘செத்துப்போனால் தேவலை’ என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இந்த எண்ணை அழையுங்கள். மகனிடமும் சொல்லுங்கள்.

அடுத்தது, பாவமா என்ற கேள்வி. பொருளை எடுப்பது மனிதரை எடுப்பது ஆகாது. கருமாதி முடிந்ததும் வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, போனவரின் துணிமணியை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இருப்பவர்கள் நடமாட வீட்டில் இடம் வேண்டும் என்பதைத் தெரிந்துதான் பெரியவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் மாமியாரையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் இழந்தது கணவரை, அவர் இழந்தது பெற்ற பிள்ளையை. அந்த ஸ்பிரேயரைத் தொட்டால் அவன் தோளைத் தொட்ட மாதிரி அவருக்கு இருக்கலாம். அதனால் மகன் சொல்கிற ‘ஒரே நாள்’ யோசனை வேண்டாம். காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப்போன பிறகு, ‘அந்த அரிவாள் எங்கே?’ என்று அத்தை கேட்டால் அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. அந்த வருத்தம் வருஷக்கணக்கில் நிற்கும்.

மனசு தேறுமா என்றால், ஓரளவுக்குத் தேறும். எந்த அளவுக்கு என்பதையும் சொல்கிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் 60 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2010-ல் வெளியானது. அவரவர் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். ‘எல்லாம் இறைந்து கிடக்கு, வேலை முடியவே இல்லை’ என்கிற மாதிரிப் பேசிய பெண்களுக்கு, பொழுது சாயச் சாய மனம் சோர்ந்தது. பதற்றத்தின்போது உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால், காலையில் கூடுதலாக இருந்து மாலைக்குள் இறங்க வேண்டும். அவர்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. குப்பையால் சோர்வு வந்ததா, சோர்வால் குப்பை சேர்ந்ததா என்று இந்த ஆய்வை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மாடு மெலிந்தால் உழவு குறையும், உழவு குறைந்தால் தீவனம் குறையும், தீவனம் குறைந்தால் மாடு மெலியும். அதைப் போலத்தான் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எங்காவது ஓர் இடத்தில் நாம் கையை வைத்தால் சுற்று நிற்கும்.

கை வைக்க வேண்டியது சின்ன இடத்தில். மனச்சோர்வில் இருப்பவர்களிடம், ‘மனசு சரியானதும் வேலையைப் பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம், முடிகிற சின்ன வேலை ஒன்றைச் செய்யுங்கள், மனசு பின்னால் வரும் என்று சொல்கிற சிகிச்சைமுறை இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த நோயாளிகளுக்கு, டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு இந்த முறையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது என்று 2017-ல் முடிவு வெளியானது. தாழ்வாரத்தில் ஒரு மூலையைச் சுத்தம் செய்வது அந்த மாதிரி ஒரு சின்ன வேலை. அதற்கு மேல் அதில் மந்திரம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். வீட்டைப் பெருக்குவதால் தீராத சோர்வும் உண்டு. அதற்கு மருத்துவம் இருக்கிறது.

இனி எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு வருகிறேன். யாருக்கும் பிரியம் இல்லாத பொருளில் ஆரம்பியுங்கள். அவர் சட்டையும் செருப்பும் கடைசியில் இருக்கட்டும்.

முதலில் விஷம்

பரணில் இருக்கிற பாட்டில்களை இன்றைக்கே இறக்க வேண்டும். மகனோ, பக்கத்து நிலத்துக்காரரோ செய்யட்டும், நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். ‘மருந்து, மருந்து’ என்று சொல்லிச் சொல்லியே அது விஷம் என்பதை நாம் மறந்துவிட்டோம். லேபிளில் உள்ள சாய்சதுரம் சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், அதற்குக் கீழே நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் நஞ்சுதான்.

மனம் உடையும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் ஓர் உயிர் தப்பும். இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கடும் நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலைகள் பெரிய அளவில் குறைந்தன. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் அறையில், ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி கொடுத்துப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை சினேகா தொண்டு நிறுவனத்தினர் செய்து பார்த்தார்கள். அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் எழுதினார்கள். உங்கள் வீட்டில் வயசுப் பிள்ளையும் இருக்கிறாள், பரீட்சை முடிவு வருகிற வருஷம். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

காலி பாட்டில் என்றால் மூன்று முறை அலசி, கழுவிய தண்ணீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி வயலுக்குப் பயன்படுத்துவது முறை. பிறகு பாட்டிலில் ஓட்டை போட்டு, மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கி, குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் தள்ளிப் புதைக்க வேண்டும். உடைத்துப் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் வாங்க, விளக்கெண்ணெய் ஊற்றி வைக்க என்று அந்தப் பாட்டிலை வைத்துக்கொள்ளாதீர்கள். எரிக்கவும் கூடாது. பாதி மீதி இருக்கிற பாட்டிலை வாய்க்காலிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். லேபிளோடு அப்படியே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, வீட்டுக்கு வெளியே மோட்டார் கொட்டகையில் வையுங்கள். சாவி நம்பிக்கையான வேறொருவரிடம் இருக்கட்டும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பட்டியலைக் காட்டி என்ன செய்வது என்று கேளுங்கள். எண்டோசல்பான் மாதிரி 2011-லேயே தடையான சரக்கு இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதை எடுத்து அடித்துவிடாதீர்கள்.

அடுத்து காகிதம்

உங்கள் நெஞ்சை அடைப்பது தாழ்வாரத்து மோட்டாரைவிட அந்த டிரங்குப் பெட்டியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் எத்தனை கடன் இருக்கிறதோ என்ற பயம் இருக்கிறதல்லவா? தெரியாத கடன் ராத்திரியில் பத்து மடங்காக வளரும். தெரிந்த கடன் ஒரு தொகைதான். ஒரு நாள் பகலில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள். அவளும் பேச ஒரு வழி கிடைக்கும். நான்கு பிளாஸ்டிக் பை வாங்கிப் பிரியுங்கள்.

முதல் பை நிலம். மூலப்பத்திரம், பட்டா, நிலவரி ரசீது, மின் இணைப்புக் காகிதம். எவ்வளவு பழசானாலும் இதில் ஒன்றையும் எறியக் கூடாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கியாகிவிட்டதா, பட்டா பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது பை கடன். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், வங்கிக் கடன், நகைக்கடன் ரசீது. நகைக்கடன் ரசீது இருந்தால் அதை முதலில் கவனியுங்கள், கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும். கட்டி முடித்த கடன் என்றால் நிலுவையில்லாச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் புரோ நோட்டு கிடந்தால் பயப்படாதீர்கள். அவர் கொடுக்க வேண்டிய நோட்டு கொடுத்தவரிடம்தான் இருக்கும். உங்கள் பெட்டியில் இருப்பது, அவர் கட்டி முடித்துத் திரும்ப வாங்கியதாகவோ, மற்றவர் அவருக்குத் தர வேண்டியதாகவோ இருக்கலாம். புரோ நோட்டுக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு உண்டு, தேதியைப் பாருங்கள். வெளியார் வந்து ‘உங்க வீட்டுக்காரர் எனக்குத் தரணும்’ என்றால், எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள், அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அது வேறு கணக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், 15100 எண்ணிலும் பேசலாம்.

மூன்றாவது பை வரவு. வங்கிப் புத்தகம், இன்சூரன்ஸ் காகிதம். அவருடைய பாஸ்புத்தகத்தில் வருஷத்துக்கு ஒரு முறை 436 ரூபாயோ, 2022-க்கு முன்பு 330 ரூபாயோ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தருகிற திட்டம் அது. வயது, கெடு என்று விதிகள் இருக்கின்றன. ‘14 மாதம் ஆயிடுச்சு, இனிமே எங்க தரப் போறாங்க’ என்று நீங்களே முடிவு கட்டாமல், பாஸ்புத்தகத்தோடு வங்கியில் போய்க் கேளுங்கள்.

நான்காவது பை பயிர். விதை, உரம், மருந்து வாங்கிய பில். போன வருஷங்களின் பில்லை எறியலாம். நடப்புப் பயிருக்கானதையும், விதைப் பையின் அட்டையையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். முளைக்கவில்லை என்று புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். பயிர்க்காப்பீட்டு ரசீதை அந்தப் பருவத்து இழப்பீட்டுக் கணக்கு முடியும்வரை எறியாதீர்கள்.

பிறகு தாழ்வாரம்

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். மாடு கறந்து வைத்து, காபி குடித்து முடித்ததும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சாக்கு எடுங்கள். ஒன்று ‘வேணும்’, ஒன்று ‘வேண்டாம்’, ஒன்று ‘அப்புறம்’. ‘அப்புறம்’ சாக்கில் ஒரு தேதி எழுதிக் கட்டுங்கள், ஆடிப்பெருக்கு என்றோ தை முதல் தேதி என்றோ. அன்றைக்குத் திறந்து பார்த்தால் போதும். அதுவரைக்கும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், காலில் செருப்பு வேண்டும், மூட்டையைக் கோலால் தட்டிவிட்டு நகர்த்துங்கள். சாக்கு இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

அத்தையிடம் முதல் நாளே கேளுங்கள்: ‘அத்தை, இதுல உங்களுக்கு எது வேணும்னு நீங்க எடுத்து வச்சிக்கோங்க, அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்.’ அவர் எடுத்து வைப்பதை எதிர்க்காதீர்கள், ஒரு பெட்டியோ ஓர் அலமாரியோ அவருக்கே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போது அவர் மகனைப் பற்றி ஏதாவது சொல்லுவார். கேட்டுக்கொண்டிருங்கள். 14 மாதமாக உங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. சாமான் குறைவதைவிட அந்தப் பேச்சு வருவதுதான் உங்கள் மூன்று பேருக்கும் பெரிய ஆறுதலாக இருக்கும். மோட்டார் ஓடுகிற நிலையில் இருந்தால் பழுது பார்த்துக் கிணற்றிலேயே இறக்குங்கள். அவர் பொருள் உழைத்துக்கொண்டிருந்தால் அத்தைக்கும் நிறைவு.

கேள்வி: ‘‘கத்திரி, வெண்டை, பாரம்பரிய நெல், நிலக்கடலை என்று மூன்று நான்கு வருஷத்து விதைகளைப் பாட்டிலிலும் பானையிலும் சேர்த்து வைத்திருக்கிறேன். எது எந்த வருஷத்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில், ‘இது விதையா, குப்பையா’ என்று சண்டை. எறிய மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?’’
– விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் வீட்டம்மா கேட்கிற கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை நீங்களும் நானும் சொல்ல வேண்டாம், விதையே சொல்லும். ஒவ்வொன்றிலும் 100 விதை எண்ணி எடுங்கள். நனைத்துப் பிழிந்த சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். நிலக்கடலைக்குப் பத்து நாள், நெல்லுக்குப் பதினான்கு நாள் வரை பார்க்கலாம். நல்ல முளை எத்தனை என்று எண்ணுங்கள். சான்று பெற்ற விதைக்கு நெல்லில் 80 சதவீதமும் நிலக்கடலையில் 70 சதவீதமும் முளைப்பு இருக்க வேண்டும் என்பது அளவு. அதற்குப் பக்கத்தில் வந்தால் வையுங்கள். கொஞ்சம் குறைந்தால் அளவைக் கூட்டி இந்தப் பருவமே விதைத்துவிடுங்கள். பாதிகூட முளைக்காத சாதாரண ரகத்தை வைத்திருப்பதில் லாபம் இல்லை. மருந்து கலக்காத விதை என்றால் கோழிக்குப் போடலாம். சாயம் ஏற்றிய, மருந்து கலந்த விதையைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது.

பாரம்பரிய நெல் மட்டும் வேறு கணக்கு. நூற்றுக்குப் பத்து முளைத்தாலும் அந்தப் பத்தை நாற்றங்காலில் தனியாக வளர்த்து விதை எடுங்கள். எடுத்ததில் பாதியைப் பக்கத்து விவசாயிக்குக் கொடுங்கள். உங்கள் பானையில் பூச்சி விழுந்தாலும் அவர் வயலில் ரகம் இருக்கும். இனிமேல் பாட்டிலில் போடும்போதே ரகம், அறுவடை மாதம், வருஷம் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். பெயர் இல்லாத பாட்டிலை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், ‘இதை என்ன செய்ய’ என்று மனசு ஒரு தடவை நின்று போகும். முப்பது பாட்டில் என்றால் முப்பது தடவை. எல்லா வீட்டுச் சாமான்களும் இப்படித்தான் நம்மைக் களைக்க வைக்கின்றன. முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டதுதான் கண்ணை உறுத்துகிறது.

கேள்வி: ‘‘அப்பாவுக்கு 68 வயது. துருப்பிடித்த கம்பி, அறுந்த கயிறு, பழைய டயர், கிழிந்த சொட்டுநீர்க் குழாய், எதையும் எறிய விடமாட்டார். எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், பெண் வீட்டுக்காரர்கள் வீடு பார்க்க வரப் போகிறார்கள். வாசலைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கிறது. அவர் இல்லாத நேரம் பார்த்து எறிந்துவிடலாமா? இது ஏதாவது நோயா?’’
– நாமக்கல் மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, அவருக்குத் தெரியாமல் எறியாதீர்கள். இது நோயாக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு, அநேகமாக இது அனுபவம். ராத்திரி பத்து மணிக்குக் கரன்ட் வரும்போது ஃபுட்வால்வு ஒழுகினால், டவுனுக்குப் போய் வாஷர் வாங்க முடியாது. கிழிந்த டியூபை வெட்டிப் போட்டுத்தான் அந்த நடைத் தண்ணீரைப் பாய்ச்சியிருப்பார். ‘ஒரு வருஷம் தொடாத பொருளை எறிந்துவிடு’ என்பது டவுன் வீட்டுக்குச் சரி. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கிணறு தூர் வாருகிற வீட்டில் அந்தக் கயிறு மூன்று வருஷம் சும்மாதான் கிடக்கும்.

அதனால் அப்பாவிடம், ‘இதை எறியலாமா?’ என்று கேட்காமல், ‘இதை எங்கே வச்சா எடுக்க லேசா இருக்கும்ப்பா?’ என்று கேளுங்கள். மோட்டார் ரூம் சுவரில் ஆணி அடித்துக் கயிறும் கம்பியும் சுருட்டி மாட்டுங்கள். போல்ட், வாஷருக்குப் பழைய டப்பாக்கள் வையுங்கள். குழாயில் நல்ல துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போடலாம். இடம் நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்று வரும்போது பழையது ஒன்று போக வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விற்ற காசை அவர் கையிலேயே கொடுங்கள்.

டயரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதில் தேங்கும் மழைத்தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். தேங்காய்த் தொட்டி, உடைந்த பானையும் அப்படித்தான். போகியன்று டயரைக் கொளுத்திவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்தப் புகை கெடுதல்.

நோய் என்று எப்போது சந்தேகப்படலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். படுக்கவும் சமைக்கவும் இடமில்லாமல் சாமான் அடைத்துக்கொள்வது, ஒரு காகிதத்தை எடுத்தாலும் தாங்க முடியாத தவிப்பு வருவது, அழுகிய பொருளைக்கூட விடாமல் வைத்திருப்பது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 2013-லிருந்து இதை ஒரு தனி மனநோயாகவே மருத்துவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சுத்தமாக இருந்தவர் இந்த வயதில் புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தால், கூடவே ஞாபகமறதியும் இருந்தால், அதையும் காட்ட வேண்டும். உங்கள் அப்பா இளவயதிலிருந்தே இப்படி என்றால் கவலை வேண்டாம். பெண் வீட்டுக்காரர்களும் விவசாயக் குடும்பம்தானே, மாட்டியிருக்கிற கயிற்றைப் பார்த்தால் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த இதழ் வருவதற்குள்...

எல்லா வாசகர்களுக்கும் இந்தப் பதினைந்து நாளுக்கு நான்கே வேலை. முதல் நாள், மருந்து பாட்டில்களை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் பூட்டுங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள், காகிதங்களை நான்கு பையாகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, தண்ணீர் தேங்குகிறதை எல்லாம் கவிழ்த்துவிடுங்கள். மீதி நாட்களில் தினம் கால் மணி நேரம், வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற ஒரே ஓர் இடத்தை மட்டும் சரி செய்யுங்கள். முழு வீட்டையும் நினைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். களை எடுக்கிறவர் மூன்று ஏக்கரையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், கைக்கு முன்னால் இருக்கிற பாத்தியைத்தான் பார்ப்பார்.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். திருவண்ணாமலை சகோதரி, உங்கள் கடிதத்தை முதலில் எதிர்பார்க்கிறேன். பரண் காலியானதா என்று ஒரு வரி போதும்.